திருவிழாவுக்கு மறுநாள் வரும் தொண்டைகள்

ஆடி மாதம் முடிந்த முதல் வாரத்தில் என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எதற்காக வந்திருக்கிறார்கள் என்பதை, அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே என்னால் சொல்லிவிட முடியும். கழுத்தில் துண்டு சுற்றியிருக்கும், கையில் வெந்நீர்ப் போத்தல் இருக்கும், உடன் வந்த மனைவியோ மகளோ அவருக்காகப் பேசுவார். மலேசியாவின் ஈப்போ நகருக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் சுங்கை சிப்புட்டையும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களையும் அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. தோட்டத்தில் அம்மன் கோயில் இருந்தால் பஜனைக் குழு இருக்கும். குழு இருந்தால், ஆடி வெள்ளிகள் அனைத்தையும் பாடித் தீர்த்துவிட்டுக் குரலைத் தொலைத்த ஒருவரும் அதில் இருப்பார். நான் பேச்சு, குரல் சிகிச்சையாளர். மருத்துவர் அல்லள் என்று எத்தனை முறை சொன்னாலும் 'டாக்டரம்மா' என்றே அழைக்கிறார்கள், திருத்துவதை விட்டுவிட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வந்த ஒருவர், செம்பனை ஆலைக்கு லாரி ஓட்டுபவர், ஐம்பது வயதைத் தொட்டவர். "மூணு ராத்திரி விடாம பயிற்சி பண்ணேன் டாக்டரம்மா, அப்படியும் கடைசி வெள்ளிக்கிழமை சத்தமே வரல" என்று வெறும் காற்றாக வந்த குரலில் சொன்னார். தைப்பூசத்துக்குப் பிறகு எப்போது பாடினீர்கள் என்று கேட்டேன். பாடவில்லை. ஏறக்குறைய ஆறு மாதம் சும்மா இருந்த தொண்டையை மூன்று இரவுகளில், இரவுக்கு நான்கு மணி நேரம், உறுமிக்கு எதிராக உயர்த்திப் பாடிப் பழக்கியிருக்கிறார். 'அப்படியும்' என்று அவர் சொன்ன இடத்தில் 'அதனால்தான்' என்று வைத்துப் பாருங்கள் என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பிலும் ஒலி இல்லை.

பாடுவதற்குப் பயன்படும் குரல்நாண்கள் மிகச் சிறியவை. வளர்ந்த ஆணுக்கு ஏறத்தாழ 17 முதல் 25 மில்லிமீட்டர் நீளம். பெண்ணுக்கு அதனினும் குறைவு. நாண் என்று பெயர் இருந்தாலும் அது வீணைத் தந்தியைப் போன்றதன்று. உள்ளே தசையும், மேலே கூழ்போன்ற மென்மையான ஓர் அடுக்கும், அதன்மீது மெல்லிய தோலும் கொண்ட இரண்டு மடிப்புகள். மூச்சுக்காற்று அவற்றின் இடையே புகும்போது மேலடுக்கு அலைபோல் உருண்டு, இரண்டு மடிப்புகளும் ஒன்றோடொன்று மோதித் திறக்கின்றன. கட்டை என்பது ஆதார சுருதியின் உயரத்தைக் குறிக்கும் எண். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணுக்கு ஆதார சட்ஜத்தில் (கீழ் 'ஸ') நொடிக்கு ஏறத்தாழ 131 முறையும், மேல் சட்ஜத்தில் 262 முறையும் இந்த மோதல் நிகழும். சராசரியாக 200 என்று வைத்துக்கொண்டாலும், அரை மணி நேர முழுப் பாட்டுக்கு 3,60,000 மோதல்கள் ஆகின்றன. நம் லாரி ஓட்டுநர் ஓர் இரவில் நான்கு மணி நேரம் பாடினார் என்பதை இதோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தோலில் ஒரே இடத்தில் தொடர்ந்து உரசல் ஏற்பட்டால் முதலில் வீங்கும், பிறகு காய்த்துப்போகும். மண்வெட்டி பிடித்த கைகளைப் பார்த்து வளர்ந்த நம் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. குரல்நாணில் அந்தக் காய்ப்பு, முன்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில், மோதல் மிக வலுவாக விழும் புள்ளியில், இரு பக்கமும் ஒன்றை ஒன்று பார்த்தபடி தோன்றும். இதைக் குரல்நாண் முடிச்சு என்கிறோம். பெண்களிடமும், கூச்சலிட்டு விளையாடும் சிறுவர்களிடமும் அதிகம் காணப்படுவது, புற்றுநோய் அன்று, பெரும்பாலோர்க்கு அறுவை சிகிச்சை முதல் வழியும் அன்று. முறையான குரல் பயிற்சியாலேயே அது கரைவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எந்தப் பயிற்சி குரலைக் கெடுத்ததோ, ஏறத்தாழ அதே பயிற்சி, அளவும் முறையும் மாறியதும் மருந்தாகிவிடுகிறது.

அளவைப் பற்றி நான் சொல்வது எளியது. நாளுக்கு இருமுறை, முறைக்கு பதினைந்து நிமிடம், வாரத்தில் ஆறு நாள். சனிக்கிழமை மூன்று மணி நேரம் என்பது இதற்கு ஈடாகாது. பாட்டில் மேம்படுவது இரண்டு: ஒன்று தசைகளின் ஒத்திசைவு, மற்றொன்று காதுக்கும் குரல்வளைக்கும் இடையிலான நினைவு. இரண்டும் அடிக்கடி கொஞ்சம் செய்வதால் வளர்கின்றன; களைத்த பிறகு செய்வதால் தவறான பிடிப்புகளே பதிகின்றன.

முறைக்கு வருவோம். முதல் ஐந்து நிமிடத்துக்கு நான் எல்லோருக்கும் கொடுப்பது ஒரு ஸ்ட்ரோவும் அரைக் குவளைத் தண்ணீரும்தான். ஸ்ட்ரோவின் நுனி தண்ணீருக்குள் இரண்டு விரல் அகலம் இறங்கியிருக்க, உதடுகளால் இறுக மூடிக்கொண்டு 'ஊ' என்று ஒலித்தபடியே குமிழி விட வேண்டும். பிறகு அந்த ஒலியைத் தாழ்ந்த சுரத்திலிருந்து நடு சுரத்துக்கும், அங்கிருந்து திரும்பவும் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வாய்ப்பக்கம் குறுகியிருப்பதால் காற்று சற்றுப் பின்னோக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தம் குரல்நாண்களை மேலிருந்து தாங்கி, அவை கடுமையாக மோதாமலே அதிர உதவுகிறது. முதல் நாள் இதைச் செய்யும் பெரியவர்கள் வெட்கப்படுவார்கள், பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு வாரம் கழித்து ஸ்ட்ரோ தீர்ந்துவிட்டது என்று அவர்களே கேட்டு வருவார்கள்.

அதன்பின் வாயை மூடி 'ம்' என்று முனகல், பிறகு கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசை. சரளி வரிசையைச் சிறுபிள்ளைகளுக்கு உரியது என்று ஒதுக்குவோர் உண்டு. மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்த அந்தப் படிநிலைப் பாடங்களைப் புரந்தரதாசர் வகுத்ததாக மரபு சொல்கிறது. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர் அவர். குரல் சிகிச்சையாளராக அதைப் பார்க்கும்போது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அடுத்தடுத்த சுரங்களில் ஏறி இறங்குவது, முதல் காலத்தில் நிதானமாகத் தொடங்கி வேகத்தை இரட்டிப்பது, சுரப்பெயரால் பாடியதை அடுத்து அகாரத்தில், அதாவது 'ஆ' என்ற ஒலியில், பாடுவது என்று, இன்றைக்கு நாங்கள் படிப்படியாகப் பாரம் ஏற்றும் முறையே அதில் இருக்கிறது. விடியற்காலையில் மந்தர ஸ்தாயியில், அதாவது தாழ்ந்த சுரங்களில், சாதகம் செய்யச் சொல்வதற்கும் பொருள் உண்டு. தூங்கி எழுந்த தொண்டை தாழ்ந்தே ஒலிக்கும், அதை எடுத்த எடுப்பில் மேலே இழுப்பது தவறு.

எவ்வளவு பழகினாலும் சுருதி தவறாக இருந்தால் பயன் இல்லை. எங்கள் பகுதிக் குழுக்களில் நான் காணும் பெரிய குறை இதுதான். ஆர்மோனியக்காரருக்கு எந்தக் கட்டை கைப்பழக்கமோ அதில்தான் எல்லோரும் பாடுகிறார்கள். கராவோக்கேயிலோ மூலப்பாடகரின் சுருதியே வேதவாக்கு. உங்கள் சுருதியைக் கண்டுபிடிக்க, சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு, கீழே மந்தரப் பஞ்சமமும் (தாழ்ந்த 'ப') மேலே தாரப் பஞ்சமமும் (உயர்ந்த 'ப') திணறாமல் எட்டும் கட்டையைத் தேடுங்கள். பொதுவாக ஆண்களுக்கு அது ஒன்றுக்கு அருகிலும் பெண்களுக்கு ஐந்துக்கு அருகிலும் அமையும், ஆனால் 'பொதுவாக' என்பது உங்களைப் பற்றிய தீர்ப்பு அன்று. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவர், இளமையில் ஐந்தில் பாடியதை இப்போது நான்கில் பாடுகிறார். மாதவிடாய் நின்ற பின் பெண்களின் குரல் தாழ்வது இயல்பு. அவர் அதை இழப்பாகவே கருதவில்லை. விடியலில் நிரையில் நடந்தபடி மெல்லப் பாடிய பழக்கத்தை, அந்த மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நட்ட பிறகும் அடுப்படியில் தொடர்கிறார். என் நோயாளியின் துணையாக வந்தவர் அவர். சிகிச்சை தேவைப்பட்டது நாற்பது வயது மகளுக்கு.

சிறுவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பெற்றோர், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையனின் குரல் உடையத் தொடங்கியதும் பதறுகிறார்கள். அந்த வயதில் குரல்வளை விரைவாக வளர்ந்து, நாண்கள் நீண்டு தடிக்கின்றன; குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி, அதாவது மேல் 'ஸ'விலிருந்து கீழ் 'ஸ' வரையிலான தொலைவு, இறங்குகிறது. சென்ற ஆண்டு பரிசு வாங்கிய அதே கட்டையில் இந்த ஆண்டும் பாடச் சொல்வது, கடந்த ஆண்டுச் சட்டையை மாட்டிவிடுவதைப் போன்றது. பாடுவதை நிறுத்தவும் வேண்டாம்; கட்டையை இறக்கி, குறுகிய வீச்சில், மெல்லிய குரலில் தொடர்ந்தால் போதும்.

இனி மேடை. உறுமியும் தப்பும் பின்னால் ஒலிக்கும்போது நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். 1911இல் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை விளக்கினார். அவர் பெயராலேயே இந்த இயல்பு அழைக்கப்படுகிறது. மன உறுதியால் மட்டும் இதை வெல்வது கடினம், ஏற்பாட்டால் வெல்லலாம். ஒலிபெருக்கிகள் எல்லாவற்றையும் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பிவைக்காமல், ஒரு சிறிய பெட்டியையாவது பாடகரை நோக்கி வையுங்கள். தாளக்காரர்களை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். தன் குரல் தன் காதில் விழுந்தால் தொண்டை தானே தணியும். மண்டபத்துக்குள் சாம்பிராணிப் புகை சூழ்ந்திருக்கும்போதும், 2015இலும் 2019இலும் வந்ததுபோன்ற புகைமூட்டம் இருக்கும்போதும் ஒத்திகையைச் சுருக்கிக்கொள்வது நல்லது.

ஐஸ் தண்ணீரைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். குடிக்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. விழுங்கும்போது மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது, இல்லையென்றால் புரையேறும். தண்ணீர் உடலெங்கும் பரவித்தான் நாண்களை ஈரமாக்க முடியும் என்பதால், மேடை ஏறும்போது மடமடவென்று குடிப்பதைவிட நாள் முழுதும் குடிப்பதே உதவும். ஐஸைவிட நான் அஞ்சுவது, ஒத்திகை முடிந்து இரவு பதினொரு மணிக்குச் சாப்பிடும் ரொட்டி சானாயையும் காரக் குழம்பையும்தான். வயிறு நிறைந்து உடனே படுத்தால் அமிலம் மேலேறிக் குரல்வளையின் பின்புறத்தை எரிக்கும். நெஞ்செரிச்சல் இல்லாமலே காலையில் குரல் கம்மியிருக்கும், அடிக்கடி செருமத் தோன்றும். ஒவ்வொரு செருமலும் நாண்களை அறைவதற்குச் சமம். ஒரு மிடறு தண்ணீர் விழுங்கி அதை அடக்கப் பழகுங்கள். குரல் கம்மியபோது கிசுகிசுப்பதும் ஓய்வன்று. மெதுவான இயல்புக் குரலே மேல்.

உயிருள்ள குரல்நாண்களை 1854இல் ஒரு சிறு கண்ணாடியாலும் சூரிய ஒளியாலும் தன் தொண்டைக்குள்ளேயே பார்த்து ஆராய்ந்தவர் மனுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர், மருத்துவர் அல்லர். அதற்குப் பிறகு இவ்வளவு கருவிகள் வந்தும், நம்மில் பலர் மாதக்கணக்கில் தொண்டைக்குள் எட்டிப் பார்க்காமல் அதிமதுரம் மென்றுகொண்டிருக்கிறோம். சளிக்குப் பிறகான குரல் கம்மல் இரண்டு வாரத்தில் தணிய வேண்டும். நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை நிபுணர் பார்த்தாக வேண்டும்; புகைபிடிப்பவர், விழுங்கச் சிரமப்படுபவர், இரத்தம் துப்பியவர், கழுத்தில் கட்டி உள்ளவர் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென அறுந்தால் இரத்தக்கசிவாக இருக்கலாம். அந்த நொடியே பேச்சையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

மற்றவர்கள் அரசு சுகாதாரக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிப் பதிந்து, பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். போகும்போது கைப்பேசியில் உங்கள் பழைய பாட்டு ஏதாவது பதிவாகி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். லாரி ஓட்டுநரிடம் அப்படி ஒன்று இருந்தது, தைப்பூசத்தன்று மகள் எடுத்த காணொளி. அதை ஒரு முறை கேட்டதும், அவர் எந்தக் கட்டையில் பாடியிருக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்துவிட்டது.