டோக்கனிசம்: ஒப்புக்குச் சேர்ப்பு

டோக்கன் என்றால் நமக்கு வரிசைச் சீட்டு. அது கையில் இருந்தால் இடம் பிடித்தாகிவிட்டது, கேட்டு வந்தது மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. ஒதுக்கப்பட்டவர்களில் ஓரிருவரைப் பெயருக்குச் சேர்த்துக்கொண்டு, நிலைமையை மாற்றாமல் விடுவதுதான் டோக்கனிசம். அந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மூலச்சொல் பழைய ஆங்கிலத்தில் குறி, அடையாளம் என்ற பொருளில் வழங்கியது. பிற்காலத்தில், காசுக்குப் பதிலாகப் புழங்கிய வில்லைகளுக்கும் அந்தப் பெயர் வந்தது. அதிலிருந்து பிறந்த டோக்கனிசம் அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராட்டத்தின் நடுவே பரவிய சொல்.

பள்ளிகளில் நிறவாரிப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. தென் மாநிலங்கள் இழுத்தடித்தன. 1960 நவம்பரில் நியூ ஆர்லியன்சில் ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ், வெள்ளையர் மட்டுமே படித்துவந்த பள்ளிக்கு மத்திய அரசுக் காவலர்களின் பாதுகாப்போடு போனாள். வெள்ளைப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஆண்டு முழுக்க அவள் வகுப்பில் ஓர் ஆசிரியை, ஒரு குழந்தை. கணக்கில் பார்த்தால் அந்தப் பள்ளியில் பிரிவினை ஒழிந்துவிட்டது!

இப்படிப்பட்ட கணக்கைத்தான் மார்ட்டின் லூதர் கிங் எதிர்த்தார். நாலைந்து பேரை உள்ளே விட்டுவிட்டு மற்றவர்களை வாசலிலேயே நிறுத்தும் தந்திரத்தைக் கண்டித்து 1962 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே டோக்கனிசம் இருக்கிறது. ஆக, ஒதுக்கப்பட்ட பிரிவினரையும் கல்வியிலும் வேலையிலும் சேர்க்க முயலும் பன்முகத்தன்மைத் திட்டங்கள் மீது இன்று வைக்கப்படும் மிகக் கூர்மையான விமர்சனம், சமத்துவம் கேட்டவர்களிடமிருந்தே வந்தது. இதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

அண்மை எடுத்துக்காட்டு ஆஸ்கர். 2015, 2016 இரண்டு ஆண்டுகளிலும் நடிப்புக்கான இருபது பரிந்துரைகளும் வெள்ளையர்களுக்கே போயின. கண்டனம் வலுத்தது. சிறந்த படத்துக்குப் போட்டியிட, ஒதுக்கப்பட்ட பிரிவினருக்கு இடம் தருவது பற்றிய நான்கு வகைத் தகுதிகளில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்று 2020இல் புது விதி அறிவித்தார்கள். திரையில் யார், படக்குழுவில் யார், பயிற்சி வாய்ப்பு யாருக்கு, விளம்பரப் பிரிவில் யார் என்பவை அந்த நான்கு. கடைசி இரண்டை நிறைவு செய்தாலே போதும். கதையும் நடிகர்களும் இயக்குநரும் பழையபடியே இருக்கலாம். படிவம் நிரம்பிவிடும். இதைக் குறை சொல்பவர்களைச் சமத்துவத்தின் எதிரிகள் என்று தள்ளிவிடக் கூடாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அடையாளவாதம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 'அடையாள அரசியல்' என்பதில் அடையாளம் ஒருவர் தன்னை யாரென்று சொல்லிக்கொள்வது. 'அடையாள வேலைநிறுத்தம்' என்பதில் பெயரளவுக்குச் செய்வது. ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் குழப்பம்தான். 'கண்துடைப்பு' நல்ல சொல், ஆனால் எல்லா ஏமாற்றுக்கும் அது பொருந்தும்.

நம்மிடம் 'ஒப்புக்குச் சப்பாணி' இருக்கிறது. பெரிய பிள்ளைகள் விளையாடும்போது அழுது அடம்பிடிக்கும் குட்டியையும் சேர்த்துக்கொள்வார்கள். அதுவும் மூச்சிரைக்க ஓடும். ஆனால் அது பிடித்தாலும் பிடிபட்டாலும் கணக்கில் வராது. டோக்கனிசம் என்றால் இதுதான், அச்சு அசலாக. ஆனால் சப்பாணி என்பது நடக்க இயலாதவரை இழிவாகக் குறித்த சொல். விலக்கி வைப்பதைப் பற்றிப் பேசும் இடத்தில் அதைக் கலைச்சொல்லாக்க மனம் வரவில்லை. அதை விட்டுவிட்டு 'ஒப்புக்குச் சேர்ப்பு' என்று வைத்துக்கொள்ளலாம்.

பயன்படுத்தும்போது ஒரு கவனம் வேண்டும். அந்த விளையாட்டில் குட்டி உண்மையாகத்தான் ஓடுகிறது. கணக்கில் எடுக்காதவர்கள் மற்றவர்கள். 2025 ஜனவரியில் டிரம்ப் அரசு மத்திய அரசின் பன்முகத்தன்மைத் திட்டங்களை முடித்துவைத்தது. அதற்கு முன்பும் பின்பும், கறுப்பினத்தவரோ பெண்ணோ பதவிக்கு வந்தாலே 'ஒப்புக்கு வந்தவர்' என்று பட்டம் கட்டும் பழக்கம் அங்கே பெருகிவிட்டது. அவர் தகுதியைப் பார்த்துவிட்டா அப்படிச் சொல்கிறார்கள்? 'நிறுவனம் அவரை ஒப்புக்குச் சேர்த்திருக்கிறது, முடிவெடுக்க விடுவதில்லை' என்று எழுதினால் அது விமர்சனம். 'அவர் ஒப்புக்கு வந்தவர்' என்று எழுதினால் அது வசை.