பனி வெளியில்தான் பெய்கிறது, பாட்டிமார்களே!

ஐப்பசி பிறந்ததும் புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்தில் பலர் பாரிஸுக்கும் டொரன்டோவுக்கும் பேறுகாலம் பார்க்கப் பெட்டி கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். பெட்டிக்குள் ஞாயிறு சந்தையில் வாங்கிய கம்பளிக் குல்லா, சாம்பிராணி, வசம்பு, கற்பூரம். மார்கழியில் வீடியோ அழைப்பு வரும்: "டாக்டர், புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது, பால் குடிக்க மாட்டேங்குது." குழந்தையைக் காட்டச் சொன்னால் மூக்கு நுனி மட்டும் தெரியும், மற்றதெல்லாம் துணி. இந்தப் பருவத்திலும் அதே அழைப்புகள் வரிசையாக வருகின்றன. இனி இதை எழுதி வைப்பதுதான் வழி.

அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது. பிரான்சில் குழந்தை தூங்கும் அறைக்குச் சொல்லும் அளவு 18 முதல் 20 டிகிரி. கடலூரில் மார்கழி விடியற்காலை ஏறக்குறைய 21, 22 டிகிரி இருக்கும். வெளியே மைனஸ் பத்தே ஆனாலும், குழந்தை படுத்திருப்பது நம்மூர் மார்கழியைவிடச் சற்றே குளிர்ந்த அறையில்தான். அதிலும் நம் ஆட்கள் ஹீட்டரை 25-க்கு ஏற்றிவிட்டு, மேலே ஸ்வெட்டர், குல்லா, ரஜாய் என்று அடுக்குகிறார்கள். பனி கொட்டும் ஊரில் குழந்தைக்கு வேர்க்குரு! ஜன்னலைப் பார்த்து உடுப்பு போடாதீர்கள், அறை வெப்பமானியைப் பாருங்கள். அந்த அறையில் நீங்கள் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதல், அவ்வளவுதான்.

"கை காலெல்லாம் ஜில்லுன்னு இருக்கே டாக்டர்?" இருக்கும். பச்சைக் குழந்தைக்கு ரத்த ஓட்டம் முதலில் உள்ளுறுப்புகளுக்குத்தான் போகும். கையும் பாதமும் ஜில்லென்று, சில சமயம் லேசாக நீலம் பூத்தும் இருக்கும். அதைத் தொட்டுப் பார்த்து இன்னொரு கம்பளி சுற்றுவதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. தொட வேண்டிய இடம் பிடரியும் நெஞ்சும். அங்கே இளஞ்சூடாக இருந்தால் குழந்தை சுகம். பிசுபிசுவென்று வேர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். உதடும் நாக்கும் நீலமானால் ஆம்புலன்ஸ், யோசனையே வேண்டாம்.

துணி சுற்றிய குழந்தையின் உடம்புச் சூடு பெரும்பாலும் தலையும் முகமும் வழியாகத்தான் வெளியேறும். வீட்டுக்குள் குல்லா மாட்டினால் அந்த வழியும் அடைபட்டுப் போகும். போர்வையை உதறவும் அதற்குத் தெரியாது. தூக்கத்தில் நேரும் திடீர்ச் சாவுக்கு இந்த அதிகச் சூடும் ஒரு காரணி. பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் "குளிருக்கு இதமா இருக்கட்டுமே" என்று யாரும் இனி என்னிடம் சொல்ல வேண்டாம். தூங்கும்போது பருத்தி உடுப்பும் அதன் மேல் கைகள் வெளியே இருக்கும் தூங்கு பையும் போதும். மல்லாக்கப் படுக்க வையுங்கள். மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும், தலையணை கூடாது.

உடம்பு சுட்டால் டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துப் பாருங்கள். 36.5 முதல் 37.5 வரை சரி. கூடுதலாக இருந்தால் துணியைக் குறைத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 38-ஓ அதற்கு மேலோ இருந்தால், மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குழந்தை துவண்டிருந்தாலோ பால் குடிக்காவிட்டாலோ அந்த 15 நிமிடமும் காத்திருக்காதீர்கள்.

அடுத்தது சாம்பிராணி. பனிக்காலத்து வீடு இரட்டைக் கண்ணாடி போட்டு இறுக மூடிய பெட்டி. அதற்குள் கரி நெருப்பு மூட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. புகை அலாரம் (பிரான்சில் 2015 முதல் எல்லா வீட்டிலும் கட்டாயம்) புகையைக் கண்டு அலறும், இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது. அலாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் புகை போடுகிறவர்களை என்ன சொல்வது? கம்ப்யூட்டர் சாம்பிராணியும் வேண்டாம், அந்தப் புகையும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. கற்பூரம் கலந்த எண்ணெய் வலிப்பில் கொண்டுவிடும். மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். ஹீட்டர் காற்றில் மூக்கு காய்ந்து அடைத்தால் பால் கொடுக்குமுன் சலைன் (உப்புநீர்) சொட்டு மருந்து போதும். ஒரு வயதுவரை தேனை நாக்கில் தடவவே கூடாது.

தினமும் குளிப்பாட்டவும் தேவையில்லை. வறண்ட காற்றில் தோல் உரியும். வாரம் இரண்டு மூன்று முறை, 37 டிகிரித் தண்ணீரில், ஐந்தே நிமிடம். தேங்காய் எண்ணெய் அங்கே உறைந்துதான் கிடக்கும். பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி உருக்குங்கள், மைக்ரோவேவில் வைக்காதீர்கள். ஜன்னல் வெயிலில் காட்டினால் வைட்டமின் டி வராது, கண்ணாடி தேவையான கதிரைத் தடுத்துவிடும். டாக்டர் எழுதிய சொட்டு மருந்தை (குறைந்தது 400 யூனிட்) தினமும் கொடுங்கள். மஞ்சள் காமாலைக்கும் அந்த வெயில் வைத்தியமில்லை.

காரில் தடித்த ஜாக்கெட்டோடு கார் சீட்டில் மாட்டுவது பெரிய ஆபத்து. மோதும்போது ஜாக்கெட் அமுங்கும், வார் தளரும், குழந்தை நழுவும். மெல்லிய உடுப்போடு உட்கார வைத்து வாரை இழுங்கள். தோள்பட்டையருகே வாரை இரு விரலால் கிள்ள முடிந்தால் இன்னும் இறுக்க வேண்டும். பிறகு போர்வையை வாரின் மேலே போர்த்துங்கள். கார் சூடானதும் குல்லாவையும் போர்வையையும் எடுத்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் குழந்தையை உண்மையில் ஆஸ்பத்திரியில் சேர்ப்பது பனியல்ல, ஆர்.எஸ்.வி. என்னும், மூச்சுக்குழாயைத் தாக்கும் வைரஸ் கிருமி. நமக்கு வெறும் ஜலதோஷம், ஒரு மாதக் குழந்தைக்கு மூச்சுத்திணறல். நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினாலோ, விலா உள்ளிழுத்தாலோ, வழக்கத்தில் பாதிதான் பால் குடித்தாலோ உடனே அவசர எண்ணை அழையுங்கள்: பிரான்சில் 15 அல்லது 112, கனடாவில் 911. பிரான்சில் பச்சைக் குழந்தைகளுக்கு இதற்கு 2023 முதல் தடுப்பு ஊசி போடுகிறார்கள். "பொறந்த புள்ளைக்கு ஊசியா" என்று மகளைத் தடுக்காதீர்கள், தயவுசெய்து. நீங்களும் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஃப்ளூ, கக்குவான் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். விமானத்தில் சளி பிடித்து இறங்கினால் முகக்கவசத்தோடு சமையலறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேரனைக் கொஞ்ச அடுத்த வாரமும் இருக்கிறது.