திரைக்குள்ளே யார் நிற்பது?

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்தில் டொக்டராக வேலை செய்த காலம். மார்பில் கட்டி என்று ஒரு அக்கா வந்தார். கொழுந்து பறிக்கிறவர்; அன்றைய பேர் (நாள் சம்பளம்) போனாலும் பரவாயில்லை என்று வந்திருந்தார். நான் ஆண் என்பதால் பெண் அட்டென்டன் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் உள்ளே வந்ததுமே அக்கா சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வேணாங்க டொக்டர், இன்னொரு நாளைக்கு வர்றேன்" என்றார்.

அட்டென்டனை அனுப்பிவிட்டு, கதவைத் திறந்து வைத்தபடியே காரணம் கேட்டேன். இருவரும் ஒரே லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள். "நாளைக்குத் தண்ணி பிடிக்கிற பீலியடியில இதுதான் பேச்சா இருக்கும்."

வார்டிலிருந்து வேறொரு நேர்ஸ் வர இருபது நிமிடம் ஆனது. பரிசோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மார்பு, பிறப்புறுப்பு, ஆசனவாய் ஆகியவற்றைப் பரிசோதிக்கும்போது உடன் நிற்கும் மூன்றாம் ஆளை ஷாப்பரோன் என்பார்கள். நோயாளிக்கு அவர் துணை, டொக்டருக்குச் சாட்சி. டொக்டரும் நோயாளியும் ஒரே பாலினமாக இருந்தாலும் 'ஆள் வேண்டுமா' என்று கேட்க வேண்டும் என்கிறது பிரித்தானியப் பொது மருத்துவச் சபையின் வழிகாட்டி. சொந்தக்காரர் நடுநிலையான சாட்சி இல்லை என்றும் அது சொல்கிறது. நோயாளி விரும்பினால் சொந்தக்காரரும் கூட இருக்கலாம், அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் பெரும்பாலும் உள்ளே வருவது மாமியார். வெள்ளைபடுதலையோ கலைந்த கருவையோ அவர் முன்னால் எந்த மருமகள் வாய்திறந்து சொல்வாள்? பெண்கள் நலச் சோதனைக்கான அரசு வெல் வுமன் கிளினிக்கில் 35 வயதுப் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை இலவசம். அதற்கும் வராமல் நழுவுகிறவர்களிடம் கேட்டால், வலியைவிட "யார் யார் இருப்பாங்க" என்ற பயம்தான் முதலில் வருகிறது.

மொழிச் சிக்கல் வேறு. டொக்டருக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும் என்றால், உடன் நிற்பவரே மொழிபெயர்ப்பாளராகவும் ஆகிவிடுகிறார். "வலிக்குதா" என்று அவர் கேட்டு, பதிலைத் திருப்பிச் சொல்வதற்குள் பரிசோதனையே முடிந்துவிடும். அதனால் உடை தளர்த்துவதற்கு முன்பே என்ன செய்யப்போகிறோம் என்று முழுக்கச் சொல்லிவிட வேண்டும். கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவோம் என்றும் பேசிக்கொள்ள வேண்டும். இன்னொன்று: திரைக்கு வெளியே நின்று ஃபைல் எழுதுகிறவர் ஷாப்பரோன் இல்லை. பார்க்கவும் கேட்கவும் முடிகிற இடத்தில் அவர் நிற்க வேண்டும். யார் நின்றார் என்று பெயரையும் குறித்து வைக்க வேண்டும்.

விதை வீக்கத்தோடு வருகிற இளைஞர்களுக்கும் இதே கூச்சம்தான். 'ஆள் வேண்டுமா' என்று அவர்களிடம் யாரும் கேட்பதேயில்லை.

நீங்கள் நோயாளியாகப் போனால், "ஒரு நேர்ஸ் மிஸ்ஸக் கூப்பிடுங்க டொக்டர்" என்று தாராளமாகக் கேளுங்கள். வந்தவர் வேண்டாம் என்றால் அதையும் சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவசரமில்லாத பரிசோதனை என்றால் வேறு ஆள் வரும்வரை தள்ளிப்போடலாம்.

அன்று மாலை அந்த அட்டென்டன் என்னிடம், "ஏன் டொக்டர் என்னைப் போகச் சொன்னீங்க?" என்று கேட்டார். வார்டில் ஆள் குறைவு என்று ஒரு பொய்யைச் சொன்னேன்.