சூரிய வீடு திட்டம்: மானியத்தைப் பார்க்கும் முன் கரண்ட் பில்லைப் பாருங்கள்

‘பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம்’ என்ற பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. மாதம் 300 யூனிட் கரண்ட்டை அரசாங்கம் சும்மா தருவதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி யாரும் தருவதில்லை. உங்கள் மொட்டை மாடியில் உங்கள் பணத்தில் சோலார் பேனல் போடுகிறீர்கள். அந்தச் செலவில் ஒரு பங்கை மத்திய அரசு மானியமாகத் திருப்பித் தருகிறது. 3 கிலோவாட் பேனல் மாதம் 300 யூனிட்டுக்கு மேல் தரும் என்பதால் அந்தப் பெயர் வந்தது, அவ்வளவுதான்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம் இது. ஒரு கோடி வீடுகள் இலக்கு, ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய், 2026-27 நிதியாண்டு வரை நடக்கும். மானியக் கணக்கு எளிது: முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கு 78,000. அதற்கு மேல் 5 போட்டாலும் 10 போட்டாலும் 78,000தான்.

எத்தனை கிலோவாட் போடுவது என்பதில்தான் தமிழ்நாட்டு வீடுகள் ஏமாறுகின்றன. வெண்டர்கள் பெரும்பாலும் ‘முழு மானியம் வாங்கிடலாம் சார்’ என்று 3 கிலோவாட்டிலேயே பேச்சைத் தொடங்குவார்கள். வேறு மாநிலத்தில் அது சரியாக இருக்கலாம். இங்கே 2024 ஜூலை கட்டணப்படி, இரண்டு மாத பில்லில் முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம், அடுத்த 100 யூனிட் 2 ரூபாய் 35 காசு. மலிவாகக் கிடைக்கிற இந்த யூனிட்டுகளை லட்ச ரூபாய் பேனலை வைத்துத் தயாரிப்பதில் லாபமே இல்லை. சோலார் காசு மிச்சம் பிடிப்பது பில்லின் மேல்தட்டில் இருக்கும் யூனிட்டுகளில்தான்.

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் நிழல் விழாத கூரையில் 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாத பில்லுக்கு 240 யூனிட்.

இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீடு. 2024 ஜூலை கட்டணப்படி, மாநில அரசின் மானியம் போக, 101 முதல் 200 வரை 2.35, 201 முதல் 400 வரை 4.70. பில் 1,175 ரூபாய். 1 கிலோவாட் போட்டால் பேனல் தரும் 240 கழிந்து நிகரம் 160 யூனிட், பில் 141 ரூபாய், ஆண்டுக்கு மிச்சம் சுமார் 6,200. இரண்டாவது கிலோவாட்டும் போட்டால் பில் பூஜ்யமாகும். ஆனால் அந்த இரண்டாவது கிலோவாட் கூடுதலாக மிச்சம் பிடிப்பது ஆண்டுக்கு வெறும் 846 ரூபாய். அதற்குப் போட்ட பணம் பேனலின் ஆயுள் முடிந்தாலும் திரும்பாது.

இன்னொரு வீட்டில் இரண்டு ஏசி, இரண்டு மாதத்துக்கு 900 யூனிட். 500-ஐத் தாண்டிவிட்டால் 2.35 சலுகை போய்விடும், 101 முதல் 400 வரை எல்லாமே 4.70. பிறகு 401–500-க்கு 6.30, 501–600-க்கு 8.40, 601–800-க்கு 9.45, 801–1000-க்கு 10.50. பில் 5,820 ரூபாய். இங்கே முதல் கிலோவாட் ஆண்டுக்கு 14,200 ரூபாய் மிச்சம் தரும், இரண்டாவது சுமார் 12,900, மூன்றாவது 6,700. கொடேஷன் 1,95,000 என்று வைத்துக்கொண்டால், மானியம் போகக் கைச்செலவு 1,17,000. மூன்றரை ஆண்டில் போட்ட பணம் வந்துவிடும்.

அதனால் கடைசி ஆறு பில்லையும் எடுத்து வையுங்கள். ஒரு கோடைக்கால பில்லை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சோலார் போட்ட பிறகும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அளவுக்கு இபி-யிலிருந்து எடுக்கும்படி அளவை வைத்துக்கொண்டால் இலவச யூனிட்டும் வீணாகாது. மிச்சமாகும் யூனிட் அடுத்த பில்லுக்கு வரவாகப் போகும். ஆனால் விற்று வருமானம் பார்க்கலாம் என்று அளவைக் கூட்டாதீர்கள். பில்லில் நெட்வொர்க் கட்டணம் (இபி-யின் கம்பிகளைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்) என்று தனி வரி வருமா, எவ்வளவு வரும் என்பதைப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேலே போட்ட கணக்கில் அது சேரவில்லை.

சோலாருக்கு முன்னால் செய்யவேண்டியது

புவி சூடாவதைக் குறைக்க நம் பங்குக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று நினைப்பவர்கள் நேராகப் பேனலுக்குப் போய்விடுகிறார்கள். நம் மின் கட்டமைப்பில் (கிரிட்) ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. யூனிட்டைத் தயாரித்தாலும் சரி, செலவழிக்காமல் விட்டாலும் சரி, குறையும் புகை ஒன்றுதான். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் ஃபேன் 30, 35 வாட்டில் அதே காற்றைத் தரும். நான்கு ஃபேன் தினம் 15 மணி நேரம் சுற்றும் வீட்டில் மாற்றினால் நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 140 யூனிட்டுக்கு மேல் குறையும். அரை கிலோவாட் பேனலைவிட அதிகம், அதுவும் ராத்திரியும் சேர்த்து. 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு ஃபேன் மாற்றுவதே பெரிய சோலார்.

வீட்டுக் கூரையில் சின்னக் காற்றாடி வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் முப்பந்தலில் காற்றாலை ஓடுகிறதென்றால் அது கணவாய்க் காற்றால், உயரமான கோபுரத்தால். தெருவில் கட்டடங்களுக்கு நடுவே காற்று சுழன்று சுழன்று வரும், காற்றாடி ஆடும், யூனிட் வராது. சாண எரிவாயு நல்ல மாற்று, ஆனால் 2 கன மீட்டர் கலனுக்குத் தினமும் 50 கிலோ சாணம் வேண்டும். நான்கைந்து மாடு கட்டியிருக்கும் வீட்டுக்குத்தான் ஒத்துவரும்.

விண்ணப்பம்

முதல் தடங்கல் கூரையில் இல்லை, இபி அட்டையில் இருக்கும் பெயரில் இருக்கிறது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும். நம் ஊரில் பாதி இணைப்புகள் காலமான அப்பா, தாத்தா பெயரிலேயே கிடக்கும். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று அதற்கே நாள் பிடிக்கும். வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் விண்ணப்பத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் முன்னும் பின்னும் மாறினால்கூட மானியம் இழுபடும்.

பிறகு சூரிய வீடு திட்டத்தின் தேசியத் தளத்தில் மொபைல் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து, மாநிலம், மின்பகிர்மானக் கழகம், நுகர்வோர் எண் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை, 2024-ல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள் அப்படிச் சொல்கின்றன. 5 கிலோவாட் வரை மின்கம்பியையோ டிரான்ஸ்ஃபார்மரையோ பலப்படுத்த வேண்டி வந்தால் அதுவும் மின் கழகத்தின் செலவுதான். இதற்கெல்லாம் தனியாகக் காசு கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வெண்டரைத் தளத்தில் பதிவு செய்தவர்களிலிருந்துதான் எடுக்கவேண்டும். பதிவில்லாதவர் போட்டால் மானியம் கிடையாது. கொடேஷனில் பார்க்கவேண்டியவை சில உண்டு. பேனல் டிசிஆர் வகையா, அதாவது செல்லும் பேனலும் இந்தியாவில் செய்ததா என்று எழுத்தில் இருக்கட்டும். மலிவாக வரும் கொடேஷன்களில் பாதி இங்கேதான் மலிவாகின்றன, கடைசியில் மானியமும் போய்விடும். அடுத்தது இன்வெர்ட்டர், பேனல் தரும் டிசி கரண்ட்டை வீட்டுக்கான ஏசி கரண்ட்டாக மாற்றும் கருவி. மானியத்துக்குப் பேனல் அளவு, இன்வெர்ட்டர் அளவு இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுப்பார்கள். 540 வாட் பேனல் ஐந்து வைத்தால் 2.7 கிலோவாட். 3 கிலோவாட் இன்வெர்ட்டர் மாட்டினாலும் மானியம் 72,600தான். ஆறு பேனல் வைத்தால் 78,000. ஐந்தாண்டுப் பராமரிப்பு வெண்டரின் பொறுப்பு, அதை ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய வரியிலேயே கொடேஷன் போட்டிருந்தால் கேட்டு மாற்றச் சொல்லுங்கள்.

மானியம் பின்னால்தான் வரும். பேனல் போட்டு, இருவழி மீட்டர் மாட்டி, மின் கழகம் ஆய்வு செய்து, பேனல் இயங்கத் தொடங்கியதற்கான சான்று தளத்தில் ஏறிய பிறகு வங்கி விவரம் கொடுக்கவேண்டும். அதிலிருந்து 30 நாள் என்பது விதி. அதுவரை முழுப்பணமும் கையிலோ கடனிலோ இருக்கவேண்டும். 3 கிலோவாட் வரைக்கு 2 லட்சம் வரை அடமானமில்லாக் கடனை வங்கிகள் தருகின்றன. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியோடு அரை சதவீதம் சேர்த்த வட்டி, 10 சதவீதம் நாம் போடவேண்டும்.

மாடியில் தவறுவது

1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, நிழலில்லாத இடம் வேண்டும். பேனல் தெற்குப் பார்த்து, 10 முதல் 13 டிகிரி சரிவில் இருக்கட்டும். வடக்கே இருக்கும் தண்ணீர் டேங்க் நிழல் விழாது என்று சொல்பவரை நம்பாதீர்கள். டெல்லியில் அது சரி. சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை உச்சிவெயில் வடக்கிலிருந்துதான் விழும். ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தால் அதோடு வரிசையாக இணைத்த மற்ற பேனல்களும் சேர்ந்து சோர்ந்துவிடும்.

வடாம் போடவும் துணி காயவைக்கவும் மாடி வேண்டும் என்று எட்டடி உயரத்தில் ஸ்டாண்ட் கேட்போம். கேட்கலாம். ஆனால் உயரம் ஏற ஏறக் காற்று பிடிக்கும். 2016-ல் வர்தா புயல் வந்தபோது சென்னையில் காற்று மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி வீசியது. கால்களை கான்கிரீட் மேடையில் பதிக்கவேண்டும். தட்டோட்டைத் துளைத்து போல்ட் இறக்கிவிட்டுச் சரியாக அடைக்காமல் போனால் அடுத்த மழைக்கு ஹால் சீலிங்கில் ஈரம் தெரியும். கடலோர ஊர்களில் வெல்டிங் செய்து சில்வர் பெயின்ட் அடித்த இரும்பு ஆகவே ஆகாது, முழுதும் துத்தநாகம் பூசிய ஸ்டாண்ட் வேண்டும். பேனல் பக்கத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டரின் ஏசி கரண்ட் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என்று மூன்று எர்த் குழி தனித்தனியாகத் தோண்டியிருக்கிறார்களா என்று நின்று பாருங்கள். ஒரே குழியில் மூன்று கம்பியையும் முடிச்சுப் போட்டுவிட்டுப் போவது சகஜம்.

கரண்ட் கட்டானால் சோலாரும் கட்டாகும். லைனில் வேலை செய்யும் வயர்மேனுக்கு ஷாக் அடிக்காமல் இருக்கவே இன்வெர்ட்டர் தானாக நிற்கிறது, அது பழுது இல்லை. கரண்ட் இல்லாதபோதும் ஃபேன் ஓடவேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். பேட்டரிக்கு மானியம் கிடையாது.

உச்சிவெயிலில் நன்றாகத் தயாரிக்கவேண்டிய நேரத்தில் இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடினால் தெருவின் வோல்டேஜைப் பாருங்கள். மதியம் 250, 260 தொடும் தெருக்கள் உண்டு. மேல்வரம்பைத் தாண்டினால் இன்வெர்ட்டர் விலகிக்கொள்ளும். திரையில் வரும் எண்ணைப் போட்டோ எடுத்துப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் சரிசெய்யவேண்டிய விஷயம் அது.

அடுக்குமாடியில் தனி வீட்டுக்காரர் மாடிக்கு உரிமை கோர முடியாது. ஆனால் சங்கம் பொதுப் பயன்பாட்டுக்குப் போடலாம். கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம், மொத்தம் 500 கிலோவாட் வரை. லிஃப்ட் உள்ள குடியிருப்புகளின் பொது மீட்டருக்கு 100 யூனிட் இலவசமும் இல்லை, யூனிட் 8 ரூபாய்க்கு மேல். அதனால் பொது மீட்டரிலும் போட்ட பணம் வேகமாகத் திரும்பும். போர் மோட்டாரை விடியற்காலையிலிருந்து மதியத்துக்கு மாற்றிவிட்டால் பேனல் தரும் கரண்ட் நேராக மோட்டாருக்கே போகும்.

முதல் பில் வந்ததும் எல்லோரும் போன் செய்வது ஒரே கேள்விக்குத்தான்: ‘ஆப்பில் 480 யூனிட் காட்டுது, இபி 250தான் ஏத்துக்கிட்டிருக்கான்.’ இதில் தப்பில்லை. பகலில் பேனல் தருவதில் 230 யூனிட்டை ஃபிரிட்ஜும் மோட்டாரும் அங்கேயே குடித்துவிட்டன. மிச்சம் 250 வெளியே போனது, அதைத்தான் மீட்டர் பார்க்கும். ராத்திரியும் மழை நாளிலும் இபி-யிலிருந்து எடுத்தது 310. பில் 310-லிருந்து 250 கழித்த 60 யூனிட்டுக்கு, அது இலவச 100-க்குள். மீட்டர் பட்டனை அழுத்தினால் எடுத்ததும் கொடுத்ததும் மாறி மாறி வரும். மாட்டிய அன்றே இரண்டு எண்ணையும் தேதி போட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரீடிங் எடுக்க வருபவர் பழைய பழக்கத்தில் எடுத்ததை மட்டும் பதிந்துவிட்டுப் போனால், அந்தக் குறிப்புதான் அலுவலகத்தில் காட்ட உதவும்.

பேனல் கழுவ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, விடியற்காலையில், நல்ல தண்ணீர். சூடேறிய கண்ணாடியில் மதியம் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். உப்பு போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு படியும், அது துணியால் துடைத்தாலும் போகாது.