லீஸ்: ஒத்தியா, குத்தகையா?

நம்ம வீட்டு வைஃபையில் புதுசாக யார் ஏறியிருக்கிறார்கள் என்று பார்க்க, ரவுட்டருக்குள் முதலில் திறக்க வேண்டியது ‘டிஹெச்சிபி லீஸ்’ பட்டியலை. (டிஹெச்சிபி என்பது கருவிகளுக்கு ரவுட்டர் தானாக நம்பர் கொடுக்கும் முறை.) அந்த லீஸுக்குத் தமிழ் என்ன?

சென்னையில் ‘வீடு லீஸுக்கு’ என்றால், மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது. திருநெல்வேலிப் பக்கம் அதை ஒத்தி என்போம். ரவுட்டர் கொடுப்பது ஒத்தி இல்லை. போன் உள்ளே வந்ததும் ஒரு நம்பர், அதாவது ஐபி முகவரி, கேட்கும், கையிருப்பிலிருந்து 192.168.1.7 போல ஒன்றை எடுத்து, இத்தனை மணி நேரத்துக்கு என்று ரவுட்டர் எழுதிக் கொடுக்கும். பாதித் தவணை கழிந்ததும் போன் புதுப்பித்துக்கொள்ளும். புதுப்பிக்காமல் தவணை முடிந்தால் நம்பர் வேறொருவருக்குப் போகலாம். அம்பாசமுத்திரம் வயக்காட்டில் இதற்குப் பெயர் குத்தகை. ரவுட்டருக்கு யாரும் நெல் அளப்பதில்லைதான். ஆனாலும் தவணையும் புதுப்பிப்பும் அப்படியே பொருந்துகின்றன. ‘முகவரிக் குத்தகை’ என்றே எழுதலாம்.

ஆங்கில லீஸ், ‘தளர்த்து’ என்று பொருள்படும் இலத்தீன் ‘லக்ஸாரே’யிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பிடியைத் தளர்த்தி இன்னொருவர் கையில் விடுவது. குத்தகைக்குக் கன்னடத்தில் ‘குத்திகெ’ என்று உறவு உண்டு.

போன வாரம் பாளையங்கோட்டை வீட்டுப் பட்டியலில் பெயரில்லாத ஒரு வரி. குத்தகை 24 மணி நேரம். பாக்கி 23 மணி 14 நிமிடம். அப்படியென்றால் 46 நிமிடம் முன்பு வந்தது, அல்லது புதுப்பித்தது. கருவி எந்தக் கம்பெனியுடையது என்று வழக்கமாகக் காட்டிக்கொடுக்கும் அடையாள எண்ணான மேக் முகவரியில் இரண்டாவது எழுத்து ‘ஏ’. அந்த இடத்தில் 2, 6, ஏ, இ என்று வந்தால் அது போன் தானாகப் போட்டுக்கொண்ட முகமூடி. எந்தக் கம்பெனி என்று தேடிப் பயனில்லை. யாராயிருக்கும் என்று யோசிக்கும்போதே அம்மா சொன்னாள்: “ஒங்க மதினி தம்பி வந்திருக்காம்லா, அவன் போனாத்தான் இருக்கும்.” அவன்தான்.

குத்தகைச் சீட்டே இல்லாமல் இறங்கி உழுகிறவனும் உண்டு. ஐபியைக் கையாலேயே போட்டுக்கொண்ட கருவி, லீஸ் பட்டியலில் பெரும்பாலும் தலைகாட்டாது. அதைப் பிடிக்க, ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டு ‘யார் இருக்கா?’ என்று கேட்கும் ஏஆர்பி ஸ்கேன் வேண்டும். அதற்கும் நம்மிடம் சொல் கிடக்கிறது: எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று விஏஓ பதியும் அடங்கல்.