பிக்கப்பின் இழுவையைக் கூட்டும் முன், குனிந்து அடியில் பாருங்கள்

பின்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்திய பிக்கப் ஒன்று போன மாதம் என் பட்டறைக்கு வந்தது. முன் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார் வண்டிக்காரர். போன தடவை மாற்றி நான்கு மாதம்கூட ஆகவில்லையாம். "லோடு ஏத்திட்டு பிரேக் அடிச்சா மூக்கு தரையில குத்துற மாதிரி போகுது அண்ணே. பின்னால பிடிக்கிற மாதிரியே தெரியல" என்றார்.

வண்டியைத் தூக்கி அடியில் போய்ப் பார்த்தேன். பின் அச்சுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி, அதன் மேல்முனையில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு வால்வு. பல பிக்கப்களில் இது உண்டு. லோடு ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி சேஸி அச்சை நெருங்கும். அப்போது கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் போகும். பாரம் ஏற்றும் தொட்டி காலியாக இருந்தால் சேஸி உயர்ந்து நிற்கும். பின் டயர் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க, வால்வு அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். இவருடைய வண்டியை உயர்த்தியவர்கள் அந்தக் கம்பியைத் தொடவே இல்லை. அதனால் தொட்டி நிறைய ஏற்றினாலும் வால்வுக்கு அது காலி வண்டியாகத்தான் தெரிந்திருக்கிறது. வண்டியைப் பெரும்பாலும் முன் பிரேக்தான் நிறுத்திக்கொண்டிருந்தது. உயர்த்திய அளவுக்கு வால்வின் பிராக்கெட்டையும் இறக்கி வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. (பின் பிரேக்கை எலக்ட்ரானிக் முறையில் கணக்கிடும் புதிய வண்டிகள் பலவற்றில் இந்தக் கம்பி இருக்காது. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.)

அதைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே அவர் கேட்டார்: "அப்படியே இன்ஜினையும் ரீமேப் பண்ணிடலாமா அண்ணே?" இந்தக் கேள்வியோடு வாராவாரம் யாராவது வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டர்போ டீசல் இன்ஜினைத் தயாரிப்பாளர்கள் அதன் எல்லைவரை முறுக்கி விற்பதில்லை. தரம் குறைந்த டீசல், கொதிக்கும் வெயில், மலையேற்றம், முழு லோடு, நேரத்துக்கு ஆயில் மாற்றாத உரிமையாளர் என்று எல்லாவற்றையும் அது தாங்க வேண்டும். அதற்காகக் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பார்கள். ரீமேப் எடுப்பது அந்த மிச்சத்திலிருந்துதான். எவ்வளவு டீசல், எந்த நேரத்தில், எவ்வளவு பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), கியர்பாக்ஸைக் காக்க டார்க்கை, அதாவது முறுக்கு விசையை, எங்கே நிறுத்துவது என்று இன்ஜினை இயக்கும் கணினியான இசியூ வைத்திருக்கும் கணக்குகளைத் திருத்தி எழுதுகிறோம். விவரம் தெரிந்தவர் அளவோடு செய்தால் இதில் தப்பில்லை. நானே செய்து கொடுத்திருக்கிறேன்.

செருகினால் போதும் என்று விற்கிற சின்னப் பெட்டி வேறு விஷயம். அவற்றில் பல, இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்தத்தில் டீசல் கொடுக்கும் குழாயான காமன் ரெயிலின் அழுத்தத்தைச் சொல்லும் சென்சாருக்கும் இசியூவுக்கும் நடுவே உட்கார்ந்து, அழுத்தம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவு என்று பொய் சொல்லும். இசியூவும் நம்பி அழுத்தத்தை ஏற்றும். இன்ஜெக்டர் அதே நேரம் திறந்திருந்தாலும் கூடுதல் டீசல் பாயும். இழுவை கூடுவது உண்மை. ஆனால் ஆபத்து வந்தால் இன்ஜினைக் காப்பாற்ற வேண்டிய இசியூவும் அந்தப் பொய்க் கணக்கை வைத்துத்தான் முடிவெடுக்கும். இதை நான் யாருக்கும் பொருத்துவதில்லை.

எப்படிச் செய்தாலும் கடைசியில் எல்லாம் வெப்பத்தில்தான் வந்து நிற்கும். பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளைக் கொஞ்சம் கூட்டினால் அறை குளிரும். டீசலில் நேர்மாறு: டீசல் கூடக்கூட வெப்பம் ஏறும். கரும்புகை வந்தால் காற்றுக்கு மிஞ்சி டீசல் போகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்து "பவர் கூடியிருக்கு" என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். பிஸ்டன் செய்கிற அலுமினியக் கலவை அதற்கும் முன்பே உருகிவிடும், வலுவை அதற்கும் வெகுமுன்பே இழக்கும். சிலிண்டருக்குள் எரியும் வாயு அதைவிடப் பல மடங்கு சூடு. அடியிலிருந்து ஆயில் பீய்ச்சி அடித்துக் குளிர்விப்பதாலும், சூடு கணநேரமே படுவதாலும்தான் பிஸ்டன் பிழைக்கிறது.

என் மேசையில் அப்படிப் பிழைக்காத ஒரு பிஸ்டனை வைத்திருக்கிறேன். தலையில் இருக்கும் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் மெழுகு வழிந்ததுபோல் கரைந்திருக்கும். அங்கிருந்து முடியளவு விரிசல் ஒன்று பக்கவாட்டில் இறங்கும். காலி வண்டியில் பத்து நொடி மிதித்ததால் ஆனதல்ல இது. டிரெய்லரை இழுத்துக்கொண்டு, நீண்ட ஏற்றத்தில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போனபோது சேர்ந்துகொண்டே போன சூடு. டேஷ்போர்டு முள் கடைசிவரை நடுவிலேயே நின்றிருக்கும். அது காட்டுவது கூலன்ட்டின் சூட்டை மட்டும்தானே. எக்ஸாஸ்ட் வாயுவின் சூட்டைக் காட்டும் மீட்டர் தனியாக வேண்டும், அதன் சென்சாரும் டர்போவுக்கு முன்னால் இருக்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் கணிசமாகக் குறைத்தே காட்டும். ஏற்றத்தில் தொடர்ந்து 700 டிகிரியை நெருங்கினால் கியரைக் குறைத்துக் காலைத் தளர்த்துங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இன்டர்கூலர் நல்ல செலவு. டர்போ அழுத்திய காற்று 100 டிகிரியைத் தாண்டிவிடும். அதைக் குளிர்வித்தால் அதே இடத்தில் கூடுதல் காற்று அடங்கும், எக்ஸாஸ்ட் சூடும் இறங்கும். ஆனால் பெரியது வாங்கும் முன் இருப்பதைக் கழுவுங்கள், பூஸ்ட் ஹோஸ்களைக் கையால் அழுத்தி விரிசல் பாருங்கள். இழுவை போய்விட்டது என்று வந்த எத்தனையோ வண்டிகளில் ஒரு ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஏர் ஃபில்டரைப் பொறுத்தவரை, மண் சாலையில் ஓடுகிற வண்டிக்குக் கம்பெனிப் பெட்டியும் காகித ஃபில்டருமே போதும். உள்ளே போகிற தூசி சிலிண்டரை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். எண்ணெய் தடவும் துணி ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் காற்றை அளக்கும் சென்சாரிலும் படியும்.

டீபிஎஃப்பை, அதாவது எக்ஸாஸ்டில் கரித்தூளைப் பிடித்துவைக்கும் ஃபில்டரை, எடுத்துவிடச் சொல்கிறவர்களுக்கு முடியாது என்றுதான் பதில். பல நாடுகளில் அது சட்டவிரோதம். அந்தக் கரித்தூள் பின்னால் வருகிறவர்களின் நுரையீரலுக்குள் போகிறது.

அப்புறம் டயர். 265/65 ஆர்17 போட்ட வண்டியில் 285/70 ஆர்17 ஏற்றினால் விட்டம் 776 மில்லிமீட்டரிலிருந்து 831 ஆகிறது, ஏறத்தாழ 7 சதவீதம். கியர் விகிதமும் அதே அளவுக்கு நீண்டுவிடும். ரீமேப்பில் வாங்கிய இழுவையில் ஒரு பங்கை டயர் திரும்ப எடுத்துக்கொள்ளும். பழைய டயரில் சரியாகக் காட்டிய ஸ்பீடோமீட்டர் இப்போது 100 காட்டும்போது வண்டி 107-இல் போகும். வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஆற்றல் கூடுவதால், பிரேக் விழுங்க வேண்டியது 14 சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. பிரேக்கோ அதேதான்.

பிரேக் ஆயிலை மாற்றிப் பல வருடம் ஆகியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். என்னிடம் யார் எதைக் கேட்டு வந்தாலும் முதலில் இந்த ஆயிலைத்தான் மாற்றுகிறேன்.

பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் ஏர்பேகைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்றடித்தால் பின்பக்கம் நிமிர்ந்துகொள்ளும், வண்டி இன்னும் தாங்கும் என்று தோன்றும். தாங்காது. லீஃப் ஸ்பிரிங் சேஸியை முன்னும் பின்னுமாக இரண்டு இடத்தில் தாங்குகிறது. ஏர்பேக் அந்தச் சுமையை நடுவில், அச்சுக்கு நேர்மேலே ஒரே இடத்தில் குவிக்கிறது. தொட்டியின் கடைசியில் பாரமும் கொக்கியில் டிரெய்லரும் இருந்தால் அந்த இடத்தை மையமாக வைத்து சேஸி வளையும். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலே அகன்றிருந்தால் எடை மேடைக்குப் போவதற்குக்கூடக் காத்திராமல் பாரத்தை இறக்குங்கள்.

அந்தப் பிக்கப்காரருக்கு ரீமேப் ஆசை விடவில்லை. சரி என்றேன். கிளட்ச் பழையது, டாப் கியரில் மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் நழுவுகிறது. அதை முதலில் மாற்றுகிறோம். அடுத்த வாரம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றி, வெளியே வைத்துத் துளையிட்டு எக்ஸாஸ்ட் சூட்டை அளக்கும் சென்சாரைப் பொருத்தப் போகிறேன். வண்டியிலேயே வைத்துத் துளையிட்டால் இரும்புத் துகள் நேராக டர்போவுக்குள் போய்விடும். இசியூவிலிருந்து எடுத்த அசல் ஃபைலின் பிரதி ஒன்றை அவர் கையிலும் கொடுத்துவிடுவேன்.