கம்பியைப் பிடிக்காத தூண்

ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஐந்து வரிசைக் கம்பி வேலி போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டருக்கு ஒரு தூண் என்றால் சுமார் 200 தூண்கள். தூணுக்கு ஐந்து கம்பி. ஆக, கம்பியும் தூணும் சந்திக்கும் இடங்கள் மட்டும் 1,000. தூண் நடுவதை எவ்வளவு வேகமாக முடித்தாலும், வேலை இழுத்துக்கொண்டே போவது இந்த ஆயிரம் இடங்களில்தான். தூணில் துளை இருந்தால் கம்பியின் நுனியை ஒவ்வொரு துளையாகக் கோத்துக்கொண்டே நடக்க வேண்டும். முள்கம்பி என்றால் முள் துளையில் மாட்டிக்கொண்டு நகரவே நகராது. துளை இல்லாத தூணில் கட்டுக்கம்பி வைத்துக் குறடால் முறுக்க வேண்டும். ஓர் இடத்துக்கு ஒரு நிமிடம் என்றாலும் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

தூணின் வடிவத்தை மாற்றினால் இந்த நேரத்தில் பெரும்பகுதியை மிச்சம் பிடிக்கலாம். ஆனால் அதற்கு முன்னால், தூண் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். கம்பியை இறுக்கிப் பிடிப்பதுதான் தூணின் வேலை என்று நாம் நினைக்கிறோம். வேலியின் இரு முனைகளிலும் மூலைகளிலும் நிற்கும் தூண்களுக்கு அது சரி. நடுவில் நிற்கும் தூண்களுக்கு அது தவறு.

ஒரு சின்னக் கணக்கு. 2.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பியை 100 கிலோ விசையில் இழுத்துக் கட்டியிருக்கிறோம். இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு மாடு அதை 25 சென்டிமீட்டர் வெளியே தள்ளுகிறது. நேராக இருந்த 5 மீட்டர் கம்பி இப்போது முக்கோணத்தின் இரண்டு பக்கங்களாக வளைகிறது. அதற்குக் கூடுதலாக 2.5 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். இந்த நீளம் எங்கிருந்து வரும்?

கம்பி ஒவ்வொரு தூணிலும் இறுகக் கட்டப்பட்டிருந்தால், அந்த 5 மீட்டர் துண்டே நீண்டு கொடுத்தாக வேண்டும். அது அரை சதவீத நீட்சி. எஃகில் அவ்வளவு நீட்சி வர ஏறக்குறைய 500 கிலோ விசை கூடுதலாகத் தேவை. சாதாரணக் கம்பி அதற்கு வெகு முன்பே நிரந்தரமாக நீண்டு, மாடு போன பிறகு தொளதொளவென்று தொங்கும். கட்டோ தூணோ தாங்காவிட்டால் அதுவும் போகும். மாறாக, கம்பி நடுத்தூண்களில் தாராளமாக வழுக்கினால், முனைக்கு முனை 100 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே 2.5 சென்டிமீட்டரை அந்த 100 மீட்டர் கம்பி முழுவதும் பங்குபோட்டுக் கொடுக்கிறது. அப்போது கூடும் விசை சுமார் 25 கிலோதான். தூண்களில் ஏற்படும் உராய்வால் இது கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். மாடு விலகியதும் கம்பி பழைய நிலைக்கே திரும்பிவிடும். முழு வேலியும் ஒரு நீண்ட ஸ்பிரிங் போல வேலை செய்கிறது.

வெயிலும் குளிரும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. வெப்பநிலை 30 டிகிரி மாறினால் 100 மீட்டர் எஃகுக் கம்பி 36 மில்லிமீட்டர் நீளவோ சுருங்கவோ பார்க்கும். இரு முனையும் கட்டப்பட்டிருப்பதால் அந்த மாற்றம் சுமார் 35 கிலோ விசையாகக் கம்பியில் ஏறி இறங்குகிறது. கம்பி ஓட வழியிருந்தால் அது எல்லா இடத்திலும் சமமாகப் பரவும். ஓர் இடம் விறைத்து, இன்னோர் இடம் தளர்ந்து போகாது.

ஆகவே நடுத்தூணுக்கு உள்ள வேலை இரண்டே: கம்பி மேலும் கீழும் போகாமல் தாங்குவது, பக்கவாட்டில் தள்ளினால் எதிர்த்து நிற்பது. மரத்தூணில் யு வடிவ ஆணி அடிப்பவர்களில் கைதேர்ந்தவர்கள் ஆணியை முழுக்க உள்ளே இறக்க மாட்டார்கள். அருகில் போய்ப் பார்த்தால் ஆணியின் வளைவுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளி தெரியும். ஆணியின் இரண்டு கால்களும் மரத்தின் நாரோட்டத்துக்குச் சற்றுச் சாய்வாக இருக்கும். ஒரே நார்க்கோட்டில் இரண்டும் இறங்கினால் மரம் பிளந்துவிடும். இந்த இரண்டு சிறு விஷயங்களில் எவ்வளவு பொறியியல் இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

பிடிக்க வேண்டாம், தாங்கினால் போதும் என்று ஆகிவிட்டால், கோப்பதும் முறுக்குவதும் எதற்கு? தூணின் பக்கத்தில் ஒரு காடி வெட்டி, கம்பியை அதில் போட்டுவிடலாமே. இரு முனைகளுக்கும் நடுவே கம்பியைத் தரையில் விரித்து, ஒரு முனையைக் கட்டி, தொளதொளப்பாக இருக்கும்போதே ஒவ்வொரு காடியிலும் செருகிக்கொண்டு நடந்து, கடைசியில் மறுமுனையில் இழுத்தால் வேலை முடிந்தது. முள்கம்பிக்கும் இது பொருந்தும். முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவில் காடி அமைந்தால், கம்பிக்குத் தேவையான சில சென்டிமீட்டர் ஓட்டம் கிடைத்துவிடும்.

காடியின் வடிவம்தான் நுட்பமான இடம். நேராக உள்ளே போகும் வெறும் கீறலாக இருந்தால் கம்பி வந்த வழியே வெளியே வந்துவிடும். அதனால் காடி உள்ளே போய் ஒரு திருப்பம் எடுக்க வேண்டும். கீழே திரும்பலாமா, மேலே திரும்பலாமா? இழுத்துக் கட்டிய கம்பி எப்போதும் நேர்கோட்டைத்தான் தேடும். பள்ளத்தில் நிற்கும் தூணில் கம்பி மேல்நோக்கி இழுக்கும். மேட்டில் நிற்கும் தூணைக் கீழே அழுத்தும். பள்ளத்துத் தூணுக்கு மேலே திரும்பிய காடி வேண்டும், மேட்டுத் தூணுக்குக் கீழே திரும்பியது வேண்டும். இரண்டு வகைத் தூண் செய்வது வீண் செலவு. உள்ளே போனதும் மேலும் கீழும் இரு பக்கமும் இடம் விடும் காடி ஒன்று இரண்டுக்கும் போதும். எனக்குப் பிடித்த இன்னொரு வழி, எல்லாக் காடிகளையும் குறுக்கே கடந்து போகும்படி தூணில் மேலிருந்து கீழாக ஒரு குழி விட்டு, கம்பிகளைப் போட்டபின் ஒரே ஒரு கம்பித் தண்டை மேலிருந்து இறக்கிவிடுவது. ஐந்து காடிகளும் ஒரே அசைவில் பூட்டிக்கொள்ளும். ஒரு கம்பி அறுந்தால் தண்டை உருவி எடுத்துவிட்டு மாற்றலாம்.

காடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? கால்நடை நிற்கும் பக்கம். அப்போதுதான் தள்ளும் விசை கம்பியைக் காடியின் அடிக்குள் அழுத்தும். இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து தள்ளும்போது தூண் வெளியே வளையப் பார்க்கிறது. காடி வெட்டிய முகம் இழுபடுகிறது. தூண் கான்கிரீட்டில் வார்த்தது என்றால் இதைக் கவனிக்க வேண்டும்: கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுவையைத் தாங்கும். கூர்மையான மூலையுள்ள காடி இருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். வளைக்கும் விசை தூணின் உச்சியில் ஒன்றுமில்லை, தரைமட்டத்தில்தான் உச்சம். அதனால் மேல் காடிகள் பிரச்சினை இல்லை; தரைக்கு அருகிலுள்ள கடைசிக் காடியை ஆழமில்லாமல், மூலைகளை உருட்டி வார்க்க வேண்டும். அடியில் தடித்து மேலே மெலியும் தூண் இதே காரணத்தால் நல்லது: தேவையான இடத்தில் பலம், தூக்கிச் சுமக்க எடை குறைவு. அப்புறம், சொரசொரப்பான கான்கிரீட்டில் கம்பி உரசி உரசித் துத்தநாகப் பூச்சு போய்விட்டால் துரு அங்கிருந்தே ஆரம்பிக்கும். காடிக்குள் ஒரு சிறு பிளாஸ்டிக் உறை பதித்தால் அது தீரும், கம்பியும் வழுக்கி ஓடும்.

நடுத்தூண்களை இப்படி விடுவித்தால் மொத்தச் சுமையும் மூலைத்தூண் தலையில் விழுகிறது. ஐந்து கம்பி, தலா 100 கிலோ என்றால் ஒரு பக்கமிருந்து 500 கிலோ. செங்கோண மூலையில் இரண்டு பக்கமும் சேர்ந்து உள்நோக்கி 700 கிலோ. சாயத் தொடங்கிய மூலைத்தூணின் அடியைக் குனிந்து பாருங்கள்: வேலிப் பக்கம் மண் புடைத்திருக்கும், பின்பக்கம் விரல் நுழையும் பிளவு இருக்கும்.

இதற்கு நல்ல தீர்வு, முனைத்தூணுக்கு அடுத்து வேலியின் வரிசையிலேயே இன்னொரு தூண் நட்டு, இரண்டின் தலைக்கும் நடுவே ஒரு கிடைச்சட்டம் முட்டுக்கொடுத்து, முனைத்தூணின் அடியிலிருந்து இரண்டாவது தூணின் தலைக்கு ஒரு கம்பியை மூலைவிட்டமாக முறுக்கிக் கட்டுவது. மாற்றிக் கட்டினால் பயனில்லை. இந்தச் சட்டம் சாய்க்கும் விசையைத் தூக்கும் விசையாக மாற்றுகிறது: முனைத்தூணை மேலே உருவும், இரண்டாவதைக் கீழே அழுத்தும். 1.2 மீட்டர் உயர வேலியில் இரண்டு தூண்களுக்கும் இடையே 2.4 மீட்டர் விட்டால் உருவும் விசை சுமார் 150 கிலோ. இடைவெளியைப் பாதியாக்கினால் 300 கிலோ. சட்டத்தின் நீளம் வேலி உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும் என்று வேலி போடுபவர்கள் சொல்வது இதனால்தான்.

மூலைத்தூணில் துளையும் முடிச்சும் இருக்கட்டும். அங்கே கம்பியைப் பிடித்துத்தான் ஆக வேண்டும், அதுவும் சில இடங்கள்தான். நடுத்தூண்களில் ஒரு வேலை மிச்சம்: வார்க்கும்போதே தரைமட்டக் கோடு ஒன்றைத் தூணில் பதித்துவிடுவது. அந்தக் கோடு மண்ணோடு பொருந்தும்வரை இறக்கினால், ஒவ்வொரு தூணிலும் அளவுகோல் பிடிக்காமலேயே காடிகள் தரையிலிருந்து ஒரே உயரத்தில் வந்து நிற்கும். கம்பியை இழுத்துக் கட்டியதும் ஏதாவது ஒரு நடுத்தூணில் அதைக் கையால் பற்றி நீளவாக்கில் அசைத்துப் பாருங்கள். காடிக்குள் அது சற்றே முன்னும் பின்னும் ஓட வேண்டும்.